குழந்தைகள் வார்டில் சமூகப் பணியாளர் எதற்கு? பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தமிழ்நாட்டின் ஓர் அரசு மருத்துவமனையில், குழந்தைகள் வார்டில், மருத்துவ சமூகப் பணியாளராகப் பல வருடம் வேலை பார்த்தவள் நான். கட்டிலோரத்திலும் வராண்டாவிலும் பெற்றோர் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். சில கேள்விகளை வாய்விட்டுக் கேட்டார்கள். சிலவற்றை முகத்தைப் பார்த்து நானே புரிந்துகொண்டேன். சம்பவங்களில் ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

நீங்க யாரு மேடம்? டாக்டரா, நர்ஸா, இன்சூரன்ஸ்காரங்களா?

மூன்று பேரும் இல்லை. சமூகப் பணியில் எம்.எஸ்.டபிள்யூ. என்று இரண்டு வருட முதுநிலைப் படிப்பு இருக்கிறது. அதில் மருத்துவம், மனநலம் பிரிவை எடுத்துப் படித்தவர்கள்தான் பெரும்பாலும் இந்த வேலைக்கு வருகிறார்கள். சென்னையில் 1952-ல் மேரி கிளப்வாலா ஜாதவ் தொடங்கிய மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க் இந்தப் படிப்புக்குப் பழைய இடம். பம்பாயில் டாடா சமூக அறிவியல் நிறுவனம் அதற்கும் முன்னால், 1936-லேயே தொடங்கிவிட்டது. இந்தியாவில் மருத்துவமனைக்கென்று ஒரு சமூகப் பணியாளரை முதலில் வைத்தது பம்பாய் ஜே.ஜே. மருத்துவமனை, 1946-ல்.

இந்த வேலையின் தொடக்கம் கொஞ்சம் சங்கடமானது. லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் 1895-ல் மேரி ஸ்டூவர்ட் என்ற பெண்ணை நியமித்தார்கள். இலவச சிகிச்சைக்கு வருகிறவர் நிஜமாகவே ஏழைதானா என்று விசாரிப்பதுதான் அவருக்குக் கொடுத்த வேலை. பத்து வருடம் கழித்து பாஸ்டனில் ரிச்சர்ட் காபட் என்ற டாக்டர் வேறு கேள்வி கேட்டார். மருந்து சரியாகத்தானே கொடுக்கிறோம், இந்த நோயாளி ஏன் திரும்பத் திரும்ப வருகிறார்? அந்தக் கேள்விக்குப் பதில் தேடுவதுதான் இன்று எங்கள் வேலை. ஆனாலும் வருமானத்தைக் கேட்டதும் பெற்றோர் முகம் மாறுகிறதே, அங்கே அந்தப் பழைய 1895 வாசனை இன்னும் போகவில்லை.

குழந்தைக்குச் சர்க்கரை நோய். வீட்டில் எத்தனை பேர், கரண்ட் இருக்கிறதா, பக்கத்து வீட்டோடு பேச்சுவார்த்தை உண்டா என்றெல்லாம் எதற்குக் கேட்கிறீர்கள்?

இதற்கு ஒரு சம்பவத்தைத்தான் சொல்ல வேண்டும்.

எட்டு வயதுப் பெண். முதல் வகை நீரிழிவு, அதாவது இன்சுலின் ஊசி இல்லாமல் உயிர் தங்காத வகை. நான்கு மாதத்தில் மூன்றாவது முறையாக மூச்சு வாங்கிக்கொண்டு, ரத்தத்தில் அமிலம் ஏறி, ஐ.சி.யு.வில் சேர்ந்திருந்தாள். கேஸ் ஷீட்டில் ‘ஊசி ஒழுங்காகப் போடுவதில்லை’ என்று எழுதியிருந்தது. டியூட்டி டாக்டர் திட்டினார். சிஸ்டர்களும் திட்டினார்கள். அந்த அம்மா ஒவ்வொரு முறையும் “தினம் போடுறேங்க, தவறாம போடுறேங்க” என்றுதான் சொன்னார். யாரும் நம்பவில்லை. உண்மையைச் சொன்னால் முதல் நாள் நானும் நம்பவில்லை.

மறுநாள் மதியம், குழந்தை கொஞ்சம் தேறி இட்லி கேட்ட நேரத்தில், அம்மாவிடம் சும்மா பேச்சுக் கொடுத்தேன். எப்போது போடுகிறீர்கள், யார் போடுவது, சிரிஞ்ச் எங்கே வாங்குகிறீர்கள் என்று கேட்டுக்கொண்டே வந்து, மருந்தை எங்கே வைக்கிறீர்கள் என்றேன். “எங்க வீட்ல ஃப்ரிட்ஜ் இல்லீங்க. எதிர்வீட்டு அக்கா ஃப்ரிட்ஜ்ல வைக்கிறேன். அவங்க நல்ல மனசு. மேல ஐஸ் பெட்டில வச்சுக்கோ, அங்கதான் நல்லா சில்லுனு இருக்கும்னு சொன்னாங்க.”

உறைந்த இன்சுலின் வேலை செய்யாது. இளகிய பிறகு பார்த்தால் தண்ணீர் மாதிரி நன்றாகத்தான் தெரியும். அந்த அம்மா தினமும் காலையில் எதிர்வீட்டுக் கதவைத் தட்டி, ஐஸ் பிடித்த பாட்டிலை வாங்கி, உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கி, ஒரு நாள் தவறாமல் கெட்டுப்போன மருந்தைப் போட்டிருக்கிறார்.

“போடுகிறாயா” என்று எல்லோரும் கேட்டோம். “எங்கே வைக்கிறாய்” என்று அதுவரை ஒருத்தரும் கேட்கவில்லை.

அப்புறம் செய்தது எளிது. பெரிய மண்சட்டியில் மணலைப் போட்டு நனைத்து, அதற்குள் சின்ன மண்பானையை இறக்கி, பிளாஸ்டிக் பையில் சுற்றிய மருந்து பாட்டிலை அதில் வைத்து ஈரத்துணியால் மூடி, நிழலில் வைக்கச் சொன்னோம். ஃப்ரிட்ஜ் இல்லாத வீடுகளுக்கு நீரிழிவுப் பிரிவுகளில் பல காலமாகச் சொல்லித்தரும் முறை இது. டாக்டரிடம் நான் போய்ச் சொன்னதும் அவர் எழுந்து வந்து அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டார். எல்லோரும் அப்படி வருவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அதனால் நான் உங்கள் வீட்டுக் கரண்டைப் பற்றிக் கேட்டால் கோபப்படாதீர்கள். எனக்கு அது மருந்து பற்றிய கேள்வி.

பணம் தருவீர்களா?

எங்கள் கையில் பணம் கிடையாது. எந்தக் கதவைத் தட்டினால் கிடைக்கும் என்பது தெரியும்.

முதல் கதவு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை. குடும்ப அட்டை, ஆதார், வி.ஏ.ஓ. தரும் வருமானச் சான்று, இந்த மூன்றும் வேண்டும். குழந்தையின் பெயர் குடும்ப அட்டையில் ஏறியிருக்க வேண்டும். பாதிப் பேர் சிக்குவது இங்கேதான். பிறந்து மூன்று வருடம் ஆகியும் சேர்த்திருக்க மாட்டார்கள். இதயத்தில் ஓட்டையோடு வந்த பிள்ளைக்காக அப்பா இ-சேவை மையத்துக்கும் தாலுகா ஆபீசுக்கும் அலைவதைப் பார்த்தால் வயிறு எரியும். பிறப்புச் சான்று வாங்கிய கையோடு பெயரைச் சேர்த்துவிடுங்கள். சந்தேகம் இருந்தால் 1800 425 3993 என்ற இலவச எண்ணில் கேட்கலாம்.

காப்பீட்டுக்குள் வராத சில்லறைச் செலவுதான் குடும்பத்தை அதிகம் உடைக்கிறது. பஸ் கட்டணம், சாப்பாடு, அப்பாவுக்குப் போன கூலி. புற்றுநோய் சிகிச்சைக்கு ரயிலில் வருகிற பிள்ளைக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் முழுக் கட்டணச் சலுகை உண்டு. கூட வருபவருக்கு அதே வகுப்புகளில் 75 சதவீதம். டாக்டர் கையெழுத்திட்ட படிவம் இருந்தால் ரயில்வே கவுன்டரில் கொடுப்பார்கள். காசநோய் என்றால் சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வரும். 2018-ல் 500 ரூபாயாகத் தொடங்கியது அது. தலசீமியா, ஹீமோஃபீலியா போன்ற பிறவி ரத்த நோய் உள்ள பிள்ளைகளுக்கு ரத்த வங்கியில் ரத்தத்துக்குக் கட்டணம் வாங்கக் கூடாது. இவையெல்லாம் உரிமை, யாரும் போடும் பிச்சை இல்லை. ஆனால் யாரும் தாமாக வந்து சொல்வதில்லை.

நாங்கள் பீகாரிலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர்கள். எங்களுக்கு இதெல்லாம் உண்டா?

இந்தக் கேள்வியை இந்தியில் கேட்பார்கள், கூடவே ஒரு மேஸ்திரி மொழிபெயர்ப்பார். அவசர சிகிச்சைக்கு எந்த அட்டையும் தேவையில்லை. சொந்த மாநிலத்தில் வாங்கிய ஆயுஷ்மான் (மத்திய அரசின் மருத்துவக் காப்பீடு) அட்டை இருந்தால், அந்தத் திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனை எந்த மாநிலத்தில் இருந்தாலும் பயன்படும். மேஸ்திரியையே மொழிபெயர்ப்பாளராக வைப்பதில்தான் எனக்குத் தயக்கம். அடிபட்ட பிள்ளையின் அம்மா, மேஸ்திரி முன்னால் வேலையிடத்தைப் பற்றி என்ன பேசிவிட முடியும்? வார்டில் இந்தி தெரிந்த ஒரு மாணவியைத் தேடிப் பிடிப்போம்.

அம்மா மட்டும்தான் உள்ளே இருக்கலாமாம். அப்பா எங்கே தங்குவது?

இங்கிலாந்தில் ஒரு காலத்தில் அம்மாவையே வார்டுக்குள் இருக்க விடமாட்டார்கள். வாரத்துக்குச் சில மணி நேரம்தான் பார்க்கலாம். பெற்றோரைத் தாராளமாக அனுமதியுங்கள் என்று 1959-ல் பிளாட் குழு அறிக்கை வந்த பிறகுதான் அங்கே மெல்ல மாறியது. நம் ஊரில் அந்தப் பிரச்சினை இல்லை. இங்கே அம்மா கட்டிலுக்கு அடியிலேயே பாய் விரித்துவிடுவார். அட்டெண்டர் பாஸ் ஒன்றுதான் என்பதால் அப்பா வெளியே மரத்தடியில் கிடப்பார், கொசுக்கடியோடு, செல்போன் சார்ஜ் போட இடமில்லாமல்.

தங்கும் விடுதி இருந்தால் இடம் கேட்டுத் தருவோம். புற்றுநோய்க்காக வெளியூரிலிருந்து வரும் பிள்ளைகளின் குடும்பத்தை இலவசமாகத் தங்கவைக்கும் செயிண்ட் ஜூட் இந்தியா மையங்கள் மாதிரி அமைப்புகள் உண்டு. அந்த அமைப்பு 2006-ல் மும்பையில் தொடங்கியது, சென்னையிலும் மையம் இருக்கிறது. மருத்துவமனை பரிந்துரைத்தால்தான் அங்கே இடம் கிடைக்கும் என்பதால் நேரே போய் நிற்காமல் எங்களிடம் வாருங்கள்.

இன்னொன்று, ஊரில் பாட்டியிடம் விட்டுவந்த மற்ற பிள்ளையைப் பற்றியும் கேட்பேன். நோய் வந்த பிள்ளைக்கு பொம்மையும் பிஸ்கட்டும் குவிய, பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அடம்பிடிப்பது அந்தப் பிள்ளைதான். தினம் சாயங்காலம் ஒரு போன் பேசுங்கள்.

பிள்ளை நன்றாகத்தானே இருக்கிறான்? ஒரு முறை வராவிட்டால் ஏன் போன் மேல் போன் போடுகிறீர்கள்?

ரத்தப் புற்றுநோயில் சின்னப் பிள்ளைகளுக்கு அதிகம் வரும் வகையை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்த சிகிச்சை இரண்டரை, மூன்று வருடம் ஓடும். முதல் கட்டம் ஏறத்தாழ ஒரு மாதம். அது முடிந்தால் பெரும்பாலான பிள்ளைகளுக்கு ரத்தத்தில் நோய் தெரியாது. காய்ச்சல் நிற்கும், சோறு இறங்கும், ஓடியாடும். அப்போது வீட்டில் யாராவது ஒரு பெரியவர் சொல்வார்: “அதான் சரியாயிடுச்சே, எதுக்கு இன்னும் அந்த மருந்த ஏத்தி முடியக் கொட்ட வைக்கிறீங்க?” அறுவடை வரும், கோயில் கொடை வரும், கடன்காரர் வருவார். கேஸ் ஷீட்டில் ‘அப்ஸ்காண்ட்’ என்று ஒரு வார்த்தை விழும். எனக்குப் பிடிக்காத வார்த்தை அது. ஜெயிலிலிருந்து தப்பினவர் மாதிரி.

நான்கு வாரம் தொடர்ந்து வராவிட்டால் சிகிச்சையைக் கைவிட்டதாக உலகம் முழுக்கக் கணக்கு வைக்கிறார்கள். திரும்ப வருகிற நோய் முதலில் வந்ததைவிட முரடு. அதனால் நான்கு வாரத்துக்குக் காத்திருக்காமல், முதல் நாள் வரவில்லை என்றாலே அன்று மாலை அழைப்போம். எடுத்தவுடன் “ஏன் வரல?” என்று கேட்கமாட்டேன். “பஸ்ஸுக்குக் காசு இருக்கா?” என்று கேட்பேன். பெரும்பாலும் அதுதான் பதிலாக இருக்கும்.

வர முடியாத நிலை என்றால் போனை அணைத்து வைக்காமல் எடுத்துச் சொல்லிவிடுங்கள். ஊருக்குப் பக்கத்து மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனையையாவது செய்ய டாக்டரிடம் கேட்டுப் பார்க்கலாம்.

உங்களிடம் சொன்னால் ரகசியமாக இருக்குமா? போலீசுக்குப் போய்விடாதா?

குடிக்கிற கணவர், வட்டிக்கு வாங்கிய கடன், அம்மாவின் எச்.ஐ.வி., ஓடிவந்து செய்துகொண்ட திருமணம், இவை என்னோடு நிற்கும். சிகிச்சைக்குத் தேவையானதை மட்டும், உங்களிடம் கேட்டுவிட்டு, டாக்டரிடம் சொல்வேன்.

ஒரு விஷயத்தை மட்டும் மறைக்க முடியாது. குழந்தையிடம் யாராவது பாலியல் ரீதியாகத் தவறாக நடந்தது தெரிந்தால், 2012 போக்சோ சட்டத்தின் 19-வது பிரிவுப்படி நான் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்காமல் விட்டால் 21-வது பிரிவில் எனக்கே ஆறு மாதம் வரை சிறை. பேச்சு அந்தத் திசையில் திரும்பும்போதே இதைச் சொல்லிவிடுவது என் பழக்கம். சொன்ன பிறகு சிலர் வாயை மூடிக்கொள்வார்கள். அப்படியும் சொல்லத்தான் வேண்டும். நம்ப வைத்துப் பேச்சைப் பிடுங்குவது சரியில்லை.

அப்படி ஒரு குழந்தை வந்தால், போலீஸ் கடிதம் கொண்டுவா என்று சொல்லி அவசர சிகிச்சையைத் தாமதிக்கக் கூடாது. தனியார் மருத்துவமனையாக இருந்தாலும் இலவசமாகப் பார்க்க வேண்டும். பெண் குழந்தையைப் பெண் டாக்டர்தான் பரிசோதிக்க வேண்டும், குழந்தை நம்பும் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். நடந்ததை டாக்டர், போலீஸ், மாஜிஸ்திரேட் என்று ஆளுக்கொரு தடவை சொல்லவைக்காமல் பார்ப்பதில்தான் எங்கள் பாதி நேரம் போகும்.

பதினெட்டுக்குக் கீழ் கர்ப்பமான பெண்ணைக் கூட்டி வரும் அம்மாக்களுக்கு ஒரு தகவல். பெண்ணும் பெற்றோரும் கேட்டுக்கொண்டால், கருக்கலைப்புக்காகத் தகவல் தரும்போது டாக்டர் அவள் பெயரையும் அடையாளத்தையும் போலீசுக்குச் சொல்லத் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பரில் தீர்ப்பளித்திருக்கிறது. இது தெரியாமல், பயந்துகொண்டு ஊர்ப் பக்கம் யாரிடமோ போய் உயிருக்கு ஆபத்தாகி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கை உடைந்ததற்கு ஏன் இவ்வளவு விசாரணை? நாங்களா அடித்தோம்?

சைக்கிளிலிருந்து விழுந்த ஏழு வயதுப் பையனுக்கு யாரும் இவ்வளவு கேட்கமாட்டார்கள். ஏ.ஆர். என்கிற விபத்துப் பதிவேட்டில் எழுதுவதோடு முடிந்துவிடும். தவழவே தொடங்காத கைக்குழந்தைக்குத் தொடை எலும்பு உடைந்திருந்தால் கேட்போம். கேட்பதாலேயே குற்றவாளி என்று முடிவுகட்டிவிட்டதாக அர்த்தமில்லை. எலும்பு எளிதில் நொறுங்கும் பிறவி நோய் உண்டு, சத்துக் குறைவும் உண்டு. டாக்டர் அதையெல்லாம் தேடுகிற நேரத்தில் நாங்கள் வீட்டைப் பற்றிக் கேட்கிறோம்.

இந்தப் பிள்ளையை என்னால் வளர்க்க முடியாது. விட்டுவிட்டுப் போனால் கேஸ் போடுவார்களா?

இதை யாரும் சத்தமாகக் கேட்டதில்லை. பிரசவ வார்டிலிருந்து சிஸ்டர் கூப்பிடுவார், “கொஞ்சம் வந்து பேசுங்க” என்று.

கழிப்பறையிலோ பஸ் ஸ்டாண்டிலோ வைத்துவிட்டுப் போக வேண்டாம். குழந்தைகள் நலக் குழு முன்னால் முறைப்படி ஒப்படைக்கச் சட்டம் வழி கொடுத்திருக்கிறது. அப்படி ஒப்படைப்பது குற்றமில்லை. கையெழுத்துப் போட்ட பிறகும் மனதை மாற்றிக்கொள்ள இரண்டு மாதம் அவகாசம் உண்டு. தமிழ்நாட்டில் 1992-ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியது பெண் சிசுக்கொலையைத் தடுக்க. கேள்வி கேட்காமல் தொட்டிலில் போட்டுவிட்டுப் போகலாம் என்ற அந்த ஏற்பாட்டைப் பற்றி அப்போதே இரண்டு கருத்து இருந்தது. பெண் பிள்ளையைக் கைவிட அரசே வழி செய்து கொடுக்கிறதா என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் கட்டிலோரத்தில் உட்கார்ந்திருக்கும்போது எனக்கு அந்த விவாதம் ஞாபகம் வந்ததில்லை. அந்தப் பெண் சாப்பிட்டாளா என்றுதான் முதலில் பார்ப்பேன்.

பிள்ளைக்கு வளர்ச்சி தாமதம் என்கிறார்கள். அடுத்து எங்கே போவது?

மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கு. அங்கன்வாடியிலும் பள்ளியிலும் பிள்ளைகளைப் பரிசோதிக்க வரும் குழுவும் அங்கேதான் அனுப்பும். பயிற்சியாளர்கள் ஒரே இடத்தில் இருப்பார்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் விண்ணப்பித்துவிடுங்கள். 2016 சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் இருக்கின்றன, தலசீமியாவும் அதில் சேர்த்தி. “அட்டை வாங்கினா பிள்ளைக்கு முத்திரை குத்தின மாதிரி ஆயிடுமே” என்று தயங்கும் அப்பாக்கள் நிறைய. பள்ளியில் சேர்க்கும்போதும் உதவித்தொகைக்கும் அந்த அட்டைதான் பேசும்.

என் மகள் பதினான்கு வயது. விஷம் குடித்துவிட்டாள். வெளியே தெரிந்தால்?

அவளிடம் இப்போது காரணம் கேட்காதீர்கள், திட்டாதீர்கள், மார்க்கைப் பற்றிப் பேசாதீர்கள். ஏ.ஆர். போடுவார்கள், போலீசுக்குத் தகவல் போகும். அதற்காக அவளைத் தண்டிக்கமாட்டார்கள். தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன உளைச்சலில் இருந்தவராகவே கருத வேண்டும் என்று 2017 மனநலச் சட்டம் சொல்கிறது. டிஸ்சார்ஜுக்கு முன் மனநல டாக்டரை அவள் பார்த்தாக வேண்டும். ‘அட் ரிக்வெஸ்ட்’ என்று, நாங்களே கேட்டு டிஸ்சார்ஜ் ஆகிறோம் என எழுதிக் கொடுத்து அவசரமாகக் கூட்டிப்போகாதீர்கள். வீட்டில் மருந்து, பூச்சிக்கொல்லி எல்லாவற்றையும் பூட்டி வையுங்கள். நள்ளிரவில் பயமாக இருந்தால் 14416, டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண். தமிழிலேயே பேசலாம்.

காப்பாற்ற முடியாது என்று சொல்லிவிட்டார்கள். இனி உங்களுக்கு என்ன வேலை?

அப்போதும் இருக்கிறது. வலி இல்லாமல் வைத்திருக்கிறார்களா என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டே இருப்பது ஒன்று. வீட்டுக்குக் கொண்டுபோக ஆசைப்பட்டால், மருந்தோடு அனுப்ப ஏற்பாடு செய்வது இன்னொன்று. ஒரு பையன் ஊரில் தன் ஆட்டுக்குட்டியைப் பார்க்க வேண்டும் என்றான். ஆட்டை வார்டுக்குள் விடமாட்டார்கள். ஆர்.எம்.ஓ. (மருத்துவமனை நிர்வாகத்தைப் பார்க்கும் டாக்டர்) கண்டுகொள்ளாமல் இருக்க, பின்பக்கம் ஆக்சிஜன் கிடங்கு ஓரத்துக்குச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனோம். அவன் சித்தப்பா மஞ்சள் பையில் குட்டியின் தலை மட்டும் தெரிய வைத்திருந்தார்.

இறந்த பிறகு, அரசு மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுபோக இலவச அமரர் ஊர்தி உண்டு. 155377-க்கு அழைக்கலாம். கேட்டுக்கு வெளியே நிற்கும் தனியார் வண்டிக்காரரிடம் பேரம் பேசும் நிலைக்கு எந்த அப்பாவும் போக வேண்டாம்.

எங்கள் மருத்துவமனையில் அப்படி யாரையும் பார்த்ததே இல்லையே?

இருக்கலாம். பல இடங்களில் ஒரே ஆள் நாலைந்து வார்டைப் பார்க்கிறார். சில இடங்களில் அவரைக் காப்பீட்டு ஃபைல் எழுதவே உட்காரவைத்துவிடுகிறார்கள். இதில் எனக்குக் கோபம் உண்டு. வார்டு சிஸ்டரிடமோ ஆர்.எம்.ஓ. அலுவலகத்திலோ கேளுங்கள். குழந்தையின் பாதுகாப்பு பற்றிய விஷயம் என்றால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ எந்த நேரத்திலும் அழைக்கலாம்.

பார்க்க வரும்போது என்ன கொண்டுவர வேண்டும்?

குடும்ப அட்டை, குழந்தை மற்றும் பெற்றோர் ஆதார், பிறப்புச் சான்று, வருமானச் சான்று, வங்கிப் புத்தகம், பழைய டிஸ்சார்ஜ் சம்மரி, ஓ.பி. சீட்டு. எல்லாவற்றிலும் நாலு செராக்ஸ். ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரிஜினலை யாரிடமும், என்னிடமும்கூட, கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். மதியம் இரண்டு மணிக்கு மேல் வந்தால் ரவுண்ட்ஸ் முடிந்திருக்கும், உட்கார்ந்து பேசலாம்.